‘ரன்’ என்ற சொல்லைத் துரத்தாமல் பிடிப்பது எப்படி?

‘ரன்’ என்றால் ஓடு. ஒன்றாம் வகுப்பில் படித்தது. அத்தோடு அந்தச் சொல்லின் கணக்கை முடித்துவிட்டு, நாக்குச் சுளுக்கும் சொற்களாகப் பொறுக்கி மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடுகிறோம். சேலம் அம்மாபேட்டையில் என் வீட்டு மாடிக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். ஏற்காட்டு விடுதி ஒன்றின் வரவேற்பில் நிற்கும் இளைஞர், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையில் கணக்கெழுதுகிறவர், நர்சிங் படிக்கும் பெண்கள், புடவைக் கடையில் வெளிநாட்டு ஆர்டர்களுக்குப் பதில் எழுதும் பெண். இவர்கள் பெரிய சொல் வந்தால் அகராதியைத் திறக்கிறார்கள். சின்னச் சொல் வந்தால் ‘தெரிந்ததுதானே’ என்று தாண்டிப் போகிறார்கள். சறுக்குவது அங்கேதான்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குக் கிடைத்தது. இப்போது திருத்தி எழுதப்பட்டுவரும் மூன்றாம் பதிப்பில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் என்று கணக்கு. இந்த எண்ணைச் சொன்னதும் வகுப்பில் பேனாக்களை மூடும் ஓசை கேட்கும். மூட வேண்டாம். அறுநூறு பொருளையும் தனித்தனியாகப் படித்துத் தேர்ந்தவர் யாரும் இல்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றவை பின்னால் வரும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. நம் ‘ஓடு’ ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவைத்திருக்கிறது. தறி ஓடுகிறது. மோட்டார் ஓடுகிறது. பஸ் ஓடுகிறது. ஊருக்கு நடுவே திருமணிமுத்தாறு ஓடுகிறது. படம் ஐம்பது நாள் ஓடுகிறது. சுவரில் விரிசல் ஓடுகிறது. மனதுக்குள் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’ பொருந்தும். கால் உள்ளவை மட்டுமா ஓடுகின்றன? தடைபடாமல் போய்க்கொண்டிருக்கும் எதுவும் ஓடும். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஓடுதல், ஒழுகுதல் என்ற இரண்டு பொருளும் இருந்தன. அதன் உறவான ‘ரின்னன்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு இன்றும் ஒழுகுதல் என்றே பொருள். ஆகவே ஓடும் மனிதனைக் கொஞ்சம் மறந்துவிட்டு, ஓடும் தண்ணீரை நினைத்துக்கொண்டு படித்தால் பல இடங்கள் தாமாகத் திறக்கும்.

செய்ய வேண்டியது இது. நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ‘ரன்’ வருகிற ஆங்கில வாக்கியம் எங்கே கண்ணில் பட்டாலும் அதில் முதலில் ‘ஓடு’ என்று வைத்துப் பாருங்கள். உட்கார்ந்துவிட்டால் இடப்பக்கம் எழுதிவிட்டு மறந்துவிடலாம். உட்காராவிட்டால் வலப்பக்கம். படிக்க வேண்டியது வலப்பக்கத்தை மட்டும். இடப்பக்கத்தைப் போட்டு மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தாய்மொழியில் தெரிந்ததை மறுபடி எதற்குப் படிக்க வேண்டும்?

உருவத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். ரன், ரேன், ரன். முதலும் மூன்றாவதும் ஒன்றே. ‘ஐ ஹேவ் ரேன்’ என்பது தவறு, ‘ஐ ஹேவ் ரன்’ என்பதே சரி. நடுவில் வரும் இறந்தகால உருவத்தை மழையைக் குறிக்கும் ‘ரெயின்’ போல இழுக்கக் கூடாது. வாயை அகலத் திறந்து, கிரிக்கெட் ‘பேட்’டில் வரும் ஒலியைக் கொண்டுவாருங்கள்.

வலப்பக்கத்தில் முதலில் வந்து விழுவது கடை. நாம் கடையை நடத்துகிறோம், பள்ளியை நடத்துகிறோம், எஸ்டேட்டை நடத்துகிறோம். ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றையும் ஓட்டுகிறார்கள். அவர்கள் ஓட்டுவதை நாம் நடத்துகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இது தெரியாததால் ‘ஐ ஆம் கண்டக்டிங் அ ஷாப்’ என்று எழுதுகிறார்கள். தேர்வையும் கூட்டத்தையும் கண்டக்ட் செய்யலாம், கடையை முடியாது. ‘ஷி ரன்ஸ் அ டீ ஷாப் இன் அஸ்தம்பட்டி’ என்று எழுதுங்கள். இதே வரிசையில் வருவதுதான் ‘ரன் அ டெஸ்ட்’. பரிசோதனை செய்து பார்ப்பது. ‘ரன் அ ரிஸ்க்’ என்றால் ஆபத்து வரலாம் என்று தெரிந்தும் துணிவது. எல்லாவற்றிலும் ஒருவர் ஒன்றை முடுக்கிவிட்டு ஓடவைக்கிறார்.

ஏற்காட்டு விடுதி இளைஞருக்கு நான் தனியாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வெளிநாட்டு விருந்தினர் ‘குட் யூ ரன் மீ அ பாத்?’ என்று கேட்டால் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பச் சொல்கிறார். குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடும், அதனால் ‘ரன்’. ‘குட் யூ ரன் மீ டவுன் டு சேலம்?’ என்றால் வண்டியில் கீழே சேலம் வரை கொண்டுபோய் விடச் சொல்கிறார். இதில் ‘டு சேலம்’ என்ற வாலை வெட்டிவிட்டால் வினையே வேறாகிவிடும். ஒருவரை ‘ரன் டவுன்’ செய்வது என்றால் அவர்மீது வண்டியை ஏற்றுவது, அல்லது அவரைப் பற்றி மட்டமாகப் பேசுவது. விருந்தினர் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருப்பது நல்லது.

மலைப்பாதையைப் பற்றி விருந்தினரிடம் சொல்லும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ‘த ரோட் ரன்ஸ் த்ரூ ட்வென்ட்டி ஹேர்பின் பெண்ட்ஸ்’ என்று சொல்லலாம். நாம் சாலை செல்கிறது, போகிறது என்போம். ஓடுகிறது என்று சொல்வதில்லை. அசையாமல் கிடக்கும் பொருள் ஒரு திசையில் நீண்டு போவதை ஆங்கிலத்தில் ‘ரன்’ என்பார்கள். காபித் தோட்டத்து வேலி, சுவர், எல்லைக்கோடு எல்லாம் இதில் அடங்கும். ஆனால் ‘த ரோட் இஸ் ரன்னிங்’ என்று சொல்லிவிடாதீர்கள். கிடக்கும் பொருளுக்கு ‘ரன்ஸ்’ மட்டுமே. ‘இஸ் ரன்னிங்’ என்றால் சாலை நிஜமாகவே எழுந்து ஓடுகிறது என்று ஆகும். பஸ்ஸுக்கு இரண்டும் வரும். வழக்கமாக ஓடுவதற்கு ‘ரன்ஸ்’. இன்றைய நிலைக்கு ‘இஸ் ரன்னிங்’. ‘த ஏற்காடு எக்ஸ்பிரஸ் ரன்ஸ் பிட்வீன் சென்னை அண்ட் ஈரோடு’ என்பது நிரந்தரச் செய்தி. ‘த ஏற்காடு எக்ஸ்பிரஸ் இஸ் ரன்னிங் லேட்’ என்பது இன்றிரவுச் செய்தி. அந்த ரயில் ஏற்காட்டுக்குப் போகாது, மலைக்கு ரயில் பாதையே கிடையாது என்பதையும் விருந்தினருக்குச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இந்த ‘ரன்னிங் லேட்’ போல, ‘ரன்’னுக்குப் பின்னால் ஒரு பண்புச்சொல் ஒட்டிக்கொள்ளும் குடும்பம் ஒன்று இருக்கிறது. ‘ரன் ட்ரை’ என்றால் வற்றிப்போவது. கோடையில் கிளியூர் அருவிக்கு நேர்வது அதுதான். ‘ரன் லோ’ என்றால் குறைந்துகொண்டு வருவது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. தண்ணீர் அதிலிருந்து இறங்க இறங்க ‘த ரிசர்வாயர் இஸ் ரன்னிங் லோ’. முற்றிலும் வற்றாத அணைக்கு ‘ரன் ட்ரை’ என்று எழுதினால் பொய்ச் செய்தி. ‘ரன் ஹை’ என்பது பெரும்பாலும் உணர்ச்சிக்கு வரும். ‘வென் த காவேரி ரன்ஸ் லோ, டெம்பர்ஸ் ரன் ஹை’ என்று எழுதிப் போட்டேன், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இனி சாயம். சேலத்தில் துணி விற்கிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிப்பது நல்லது. புடவையைக் கையில் எடுத்ததும் நம் ஊர்ப் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி ‘சாயம் போகுமா?’ இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. தண்ணீரில் போட்டால் சாயம் கரைந்து பக்கத்துத் துணியில் ஏறுமா என்பது ஒன்று. வெயிலிலும் துவைப்பிலும் நாளடைவில் வெளிறிப்போகுமா என்பது மற்றொன்று. நமக்கு இரண்டும் சாயம் போவதுதான். ஆங்கிலத்தில் முதலாவது ‘ரன்’, இரண்டாவது ‘ஃபேட்’. ‘த ரெட் ஹேஸ் ரன்’ என்று வெளிநாட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் எழுதினால், கரையின் சிவப்பு உடலின் வெள்ளையில் இறங்கிவிட்டது என்று முறையிடுகிறார். அதற்கு ‘அவர் கலர்ஸ் டூ நாட் ஃபேட்’ என்று பதில் போனால் அவர் கேட்காத கேள்விக்கு விடை சொன்னதாக ஆகும், கோபம் இரட்டிப்பாகும். ‘த கலர்ஸ் வில் நாட் ரன்’ என்று எழுதுவதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியைக் கரையின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்த வாக்கியத்தை எழுதாமல் ‘வாஷ் செப்பரேட்லி’ என்று எழுதுங்கள். பின்னலாடை விற்கிறவர்களுக்கு ஒன்று: காலுறையில் ஒரு இழை அறுந்து ஏணிபோலக் கீழே வரை பிரிந்து போவதை அமெரிக்கர் ‘ரன்’ என்பார்கள், பிரிட்டிஷார் ஏணி என்றே ‘லேடர்’ என்பார்கள். தறியில் நெய்த துணிக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து ‘ரன் அவுட்’. இதைக் கிரிக்கெட்டிலேயே கற்றுக்கொண்டோம். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்காகப் பந்து வீசத் தொடங்கியதிலிருந்து எங்கள் மாவட்டத்தில் ‘ரன்-அப்’ என்றால் என்னவென்று சிறுவர்களுக்கும் தெரியும். பந்து வீசுமுன் ஓடிவரும் ஓட்டம். அதே ‘ரன்-அப்’ தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் முந்தைய நாட்களைக் குறிக்கும். ‘இன் த ரன்-அப் டு தீபாவளி’ என்று பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால் வீட்டில் ‘ரன் அவுட்’ ஆவது விக்கெட் இல்லை, பால். பால் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது எழுவாய் பால் மட்டுமே. ஆங்கிலத்தில் இரண்டு வழி உண்டு. ‘த மில்க் ஹேஸ் ரன் அவுட்’ என்றால் பால் தீர்ந்தது. ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் நாம் பால் இல்லாத நிலைக்கு வந்துவிட்டோம். ஆள் எழுவாயானால் ‘ஆஃப்’ வேண்டும். பொருள் எழுவாயானால் ‘ஆஃப்’ கூடாது. இரண்டையும் கலந்து ‘மில்க் ஹேஸ் ரன் அவுட் ஆஃப்’ என்று அந்தரத்தில் நிறுத்துகிறவர்கள் நிறைய. நேரம், பணம், பொறுமை எதை வைத்தும் இந்த இரண்டு வாக்கியங்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள். பொறுமைக்கு என்னிடம் எப்போதும் உதாரணம் தயாராக இருக்கும்.

பின்னால் ஒட்டும் மற்றச் சின்னச் சொற்களில் ‘இன்டு’வைக் கவனித்தால் போதும். எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது ‘ரன் இன்டு’. கடைவீதியில் பழைய டீச்சரைப் பார்ப்பது போல. கடனில் விழுவதும் ‘ரன் இன்டு டெட்’. செலவு லட்சக்கணக்கில் போகும் என்பதற்கு ‘த காஸ்ட் ரன்ஸ் இன்டு லேக்ஸ்’. மூன்றிலும் போகிற போக்கில் ஒன்றில் போய்ச் சேருகிறோம். ‘ரன் ஓவர்’ கொஞ்சம் முரட்டுச் சொல்: லாரி நாய்மீது ஏறுவது, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டுவது, கணக்கை ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பது எல்லாம் அதுதான். எழுவாயைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ‘ரன் இட் பை மீ’ என்று மேலாளர் சொன்னால், முடிவு செய்யுமுன் என் காதில் ஒருமுறை போடு என்று பொருள்.

பெயர்ச்சொல்லாக வரும் இடங்களில் எனக்குப் பிடித்தது சுரங்கத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஓமலூர் போகிற வழியில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்தபடியே, தரம் பிரிக்காமல், கழிவோடு சேர்ந்து வரும் கல்லுக்கு சுரங்கத் தொழிலில் ‘ரன் ஆஃப் மைன்’ என்று பெயர். ஆலையிலிருந்து பிரிக்காமல் வரும் சரக்கு ‘ரன் ஆஃப் த மில்’. இதனால்தான் சாதாரணமான, தனிச் சிறப்பு ஏதும் இல்லாத ஒன்றை ‘ரன்-ஆஃப்-த-மில்’ என்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களைப் பற்றி நீங்களே இப்படி எழுதிவிடாதீர்கள். மில்லில் வேலை பார்த்த அனுபவம் என்று நினைத்து ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார்.

ஊர் மாறினால் சொல்லும் மாறும் என்பதற்குத் தேர்தல் நல்ல உதாரணம். தேர்தலில் நிற்பதை அமெரிக்கர் ‘ரன்’ என்று எழுதுவார்கள். பிரிட்டிஷார் நம்மைப் போலவே நிற்பார்கள், ‘ஸ்டாண்ட்’. இந்தியப் பத்திரிகைகளோ ‘கன்டெஸ்ட்’ என்று போடும். நம் ஊர்த் தேர்தலைப் பற்றி எழுதும்போது ‘கன்டெஸ்ட்’ போதும். அமெரிக்கச் செய்தி படிக்கும்போது மட்டும் வேட்பாளர் எதற்காக ஓடுகிறார் என்று திகைக்காமல் இருந்தால் சரி.

தலைகீழாகவும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தமிழில் ஓடும், ஆங்கிலத்தில் ஓடாது என்ற இடங்களும் உண்டு. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பதை அப்படியே பெயர்த்து ‘மை ஹேண்ட்ஸ் ஆர் நாட் ரன்னிங்’ என்றால் கேட்பவர் உங்கள் கையைத்தான் பார்ப்பார். ‘ஐ டோன்ட் நோ வாட் டு டூ’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ‘எப்படி ஓடுகிறது?’ என்று தொழிலை விசாரிப்பதற்கு ‘ஹவ் இஸ் இட் கோயிங்?’ அங்கே ஓட்டம் இல்லை, போக்குதான். நெசவாளர் பாவு ஓட்டுவதற்கும் ‘ரன்’ கிடையாது, அது ‘வார்ப்பிங்’.

நம் நாட்டு ஆங்கிலம் தானாகவே ஓட்டிக்கொண்ட சில உண்டு. ‘எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு ரன்னிங்’ என்று வயதைச் சொல்வது இங்கே எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவருக்குப் புரியாது. அவரிடம் முடிந்த வயதைச் சொல்லுங்கள். பஸ் நகரும்போது ஏறுவதை ‘ரன்னிங்கில் ஏறுவது’ என்கிறோம். இதை ஆங்கிலத்தில் சொல்வதைவிடச் செய்யாமல் இருப்பது மேல். ஆனால் ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்பது அசல் ஆங்கிலமே. விடாமல் தொடர்ந்து மூன்று நாள் என்று பொருள். ‘நோ வாட்டர் ஃபார் த்ரீ டேஸ் ரன்னிங்’ என்று புகார் எழுதினால் இலக்கணம் சரியாக இருக்கும்.

நர்சிங் மாணவிகளுக்கான பகுதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் இங்கே தவறாகப் புரிந்துகொண்டால் அடுத்தவருக்குச் சிரமம். ‘ரன்னிங் அ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் இருக்கிறது. ‘ரன்னி நோஸ்’ என்றால் மூக்கு ஒழுகுகிறது. ‘டயபிட்டீஸ் ரன்ஸ் இன் அவர் ஃபேமிலி’ என்று நோயாளி சொன்னால் பரம்பரையில் சர்க்கரை நோய் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் ‘ரத்தத்திலேயே ஓடுகிறது’ இதற்குப் பக்கத்து வீடு. ‘ஐ ஃபீல் ரன் டவுன்’ என்றால் எந்த வண்டியும் மோதவில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது, தெம்பில்லை. இன்னொன்று பாடப்புத்தகத்தில் இருக்காது. ஒருவர் குரலைத் தாழ்த்தி ‘ஐ ஹேவ் காட் த ரன்ஸ்’ என்றால் அது வயிற்றுப்போக்கு. இலங்கைத் தமிழர் அதை வயிற்றோட்டம் என்கிறார்கள், அப்படியே பொருந்தும். பேச்சு வழக்கு என்பதால் நோயாளியின் குறிப்பேட்டில் ‘டயரியா’ என்றே எழுதுங்கள். எத்தனை தடவை போயிற்று, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். ஸ்கோர் கேட்க வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொண்டுவாருங்கள்.